கோதுமை சேராத ஹாட் டாக்

இதை நான் சரியாக நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம்தான். தன்விகாவின் எட்டாவது பிறந்தநாளா ஒன்பதாவதா என்று இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னார்கள். அன்று காலையில் மழை இருந்ததா என்பதிலும் தெளிவில்லை. யோகப்பிரியா சொல்லிக்கொண்டு வரும்போதே சில இடங்களில் நின்றுவிட்டாள். பிறகு வேறோர் இடத்திலிருந்து தொடங்கினாள். நடுவில் விட்டதையெல்லாம் என் மனம் தானாக இட்டு நிரப்பியிருக்கலாம். ஆனால் பொறாமை என்ற சொல் என்னுடையதல்ல. அதை அவள்தான் முதலில் சொன்னாள்.

கோபாலபுரம் சோதனைச் சாவடிக்கு மேற்கே, கேரள எல்லைக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி சிவப்பிரகாஷின் தென்னந்தோப்பு. தோப்புக்குள் இரண்டு வீடுகள். பெரிய வீட்டில் அவனும் மனைவி யோகப்பிரியாவும் ஒரே மகள் தன்விகாவும் இருந்தார்கள். சின்ன வீடு வாடகைக்கு. அந்த வருஷம் சித்திரையில் அதில் வினோவும் நிமியும் குடிவந்தார்கள். வினோ பக்கத்துத் தேங்காய் நார் ஆலையில் மெக்கானிக். இருவருக்கும் ஊர் குமுளிப் பக்கம். இருவர் வீட்டிலும் ஏலக்காய்த் தோட்ட வேலைதான். கல்யாணத்துக்கு முன் நிமி ஆறு வருஷம் குமுளியில் ஒரு சுற்றுலா விடுதியின் சமையலறையில் இருந்தவள். குழந்தை இன்னும் இல்லை. அதைப் பற்றி அவள் கவலைப்பட்டாளா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை. கவலைப்படுவதாக மற்றவர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

தன்விகாவுக்கு ஆறு வயதிலிருந்தே வயிறு சரியில்லை. தின்றது உடம்பில் ஒட்டாது. கையும் காலும் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் உப்பி நிற்கும். பூச்சி என்றார்கள், கண்பட்டது என்றார்கள். கடைசியில் கோயமுத்தூரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்து, வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்து, இந்தப் பிள்ளைக்குக் கோதுமை ஆகாது என்றார். ஒரு துளிகூட ஆகாது, ஆயுசுக்கும் ஆகாது. புண்பட்ட குடல் ஆறும்வரை கொழுப்பையும் குறைக்க வேண்டும் என்றார். சுற்றிலும் ஆயிரத்துச் சொச்சம் தென்னை காய்த்து நிற்க, அந்த வீட்டுக் குழம்பில் தேங்காய் நின்றுபோனது.

யோகப்பிரியாவின் கைப்பக்குவத்துக்கு உறவில் தனிப் பெயர் உண்டு. அவள் வைக்கும் ரசத்துக்காகவே ஒறம்பரையாக வந்த விருந்தாளிகள் ஒருநாள் கூடுதலாகத் தங்கிப் போவார்கள். அப்படிப்பட்டவள் தன் சமையலறையைத் தானே சோதனை போட்டாள். மைதா, ரவை, சேமியா, ரஸ்க், பிஸ்கட் எல்லாம் வெளியே போயின. கோதுமை அரைத்த மிஷினில் அரிசியை அரைக்கக் கூடாது என்பதால் மாவுக்குத் தனியாக ஒரு மிஷின் வீட்டுக்கு வந்தது. புதிதாக வாங்கும் பொட்டலம் எதுவானாலும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, பின்பக்க எழுத்தைக் கடைசி வரி வரை படித்த பிறகுதான் பிரிப்பாள்.

நான்கு மாதம் ஆகியும் வலி நிற்கவில்லை. மறுபடி ரத்தம் பார்த்த டாக்டர், "எங்கேயோ கோதுமை உள்ளே போய்க்கிட்டே இருக்குதும்மா. வீட்டுல நல்லாக் கவனிங்க" என்றார். கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது யோகப்பிரியாவுக்கு. வீட்டில் அவளைத் தவிர அடுப்படியில் யார் இருக்கிறார்கள்?

ஆடி மாதம் அவளுடைய அம்மாவுக்குக் கண் அறுவை நடந்தது. நெகமத்தில் பத்து நாள் இருந்து பார்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தன்விகாவுக்குப் பள்ளியில் பரீட்சை. சிவப்பிரகாஷுக்கு வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். நிமி தானாகவே வந்து கேட்டாள்.

"பிள்ளய எங்கிட்ட விட்டுட்டுப் போங்கக்கா. மூணு வேளையும் நான் பாத்துக்கிடுதேன்."

பத்து நாள் கழித்து யோகப்பிரியா பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மகள் ஓடி வந்தாள். உண்மையாகவே ஓடி வந்தாள். பாதியில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொள்ளவில்லை. கன்னத்தில் லேசாகச் சதை பிடித்திருந்தது. தலையில் இரட்டைப் பின்னல், அதுவும் யோகப்பிரியாவுக்குத் தெரியாத ஏதோ மாதிரிப் பின்னல்.

"அம்மா, நிமி அக்கா ஊட்டுல சாப்ட்டா வவுறே வலிக்கறதில்லம்மா."

பிள்ளை சந்தோஷமாகத்தான் சொன்னாள். யோகப்பிரியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்தப் பின்னலை அவிழ்த்து, சீவி, தன் வழக்கப்படி ஒற்றைச் சடையாகப் போட்டுவிட்டாள். எதற்கு அதைச் செய்தோம் என்று அன்று யோசிக்கவில்லை.

பிறகு ஒருநாள் நிமியின் அடுப்படிக்கே போய் நின்றாள். ஐந்தாறு டப்பா, ஓர் இரும்பு உரல், ஓரமாக ஒரு கூடை மீன். இவ்வளவுதான்.

"அப்பிடி என்னதான் நிமி செஞ்சு போடறே எம்புள்ளைக்கு?"

"பெருசா ஒண்ணுமில்லக்கா. சோறு, பயறு, மீனு. கடைப் பொடி எதும் வாங்க மாட்டேன். மொளகோ மல்லியோ நானே இடிச்சுக்கிடுவேன்."

அந்தப் பதிலில் இருந்த முக்கியமான செய்தி யோகப்பிரியாவின் காதில் விழவில்லை. 'நானே' என்ற ஒரு சொல்தான் விழுந்தது. அப்படியானால் நான் என் கையால் செய்யவில்லையா என்று மனம் எரிந்தது.

சிவப்பிரகாஷின் அத்தை மருதாத்தாள் எரிகிற இடம் பார்த்து ஊதுகிறவள். ஞாயிற்றுக்கிழமை வந்தாள். சின்ன வீட்டு வாசலில் தன்விகா மிளகு பொறுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள்.

"ஏன் அம்முணி, உம்புள்ளை அவ ஊட்டுப் புள்ளையாயிருச்சாட்ட இருக்குது?"

"வெளையாடப் போயிருக்குதுங்க அத்தை."

"வெளையாட்டுத்தான். புள்ளையில்லாதவளுக்குப் பெத்து வளத்துன புள்ளை சும்மா கெடைச்சா வேண்டாங்குமா?"

யோகப்பிரியா காபி டம்ளரை நீட்டினாள். அந்தப் பேச்சு மட்டும் போகாமல் வீட்டிலேயே தங்கிவிட்டது.

புரட்டாசியில் பள்ளியிலிருந்து பிள்ளைகளைக் கோயமுத்தூருக்கு அழைத்துப் போனார்கள். அறிவியல் கண்காட்சி முடிந்து பெரிய மால் ஒன்றில் சாப்பாடு. எல்லாப் பிள்ளைகளும் ஹாட் டாக் வாங்கித் தின்றார்கள். நீளமான பன்னை வகுந்து, நடுவில் கறியை அரைத்துச் சுருட்டிய சாசேஜை வைத்து, மேலே சிவப்பும் மஞ்சளுமாகக் கோடு போட்டுக் கொடுத்தார்களாம். தன்விகா வீட்டிலிருந்து கொண்டுபோன தயிர்ச்சோற்றைத் தின்றுகொண்டு பார்த்திருந்தாள். வந்ததும் அழவில்லை, ஒன்றும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு தாளில் அதைப் படமாக வரைந்து அம்மாவிடம் கொடுத்தாள். அடியில் 'என் பர்த்டே' என்று எழுதியிருந்தது.

"நாயைச் சுட்டா திங்கறாங்க?" என்றாள் மருதாத்தாள்.

"அதொரு பேருங்க அத்தை. கோழிக்கறிதான்" என்றான் சிவப்பிரகாஷ்.

"கோழின்னா கோழின்னு சொல்றதுக்கென்ன?"

பிறந்தநாளுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. எப்படியும் அதைத் தானே தேடிப் பிடித்து மகளுக்குக் கொடுப்பது என்று யோகப்பிரியா உறுதி எடுத்தாள். வெளியில் பார்த்தால் ஒரு தாயின் ஆசை. உள்ளே வேறொன்றும் இருந்தது. இந்த ஒரு காரியம் தன் கையால் நடந்துவிட்டால், அந்தப் பத்து நாள் கணக்கில் வராமல் போய்விடும் என்று நினைத்தாள்.

முதலில் பொள்ளாச்சி. பெரிய கடையின் குளிர்பெட்டியில் நான்கு வகை சாசேஜ் இருந்தது. நான்கிலும் கோதுமை நார் அல்லது ரஸ்க் தூள். கடைப்பையன் பக்கத்தில் வந்து, "அக்கா, புக்கு படிக்கற மாதிரி படிக்கறீங்க, வாங்கறதுன்னா வாங்குங்க" என்றான். அடுத்த வாரம் கோயமுத்தூர். அங்கே கோதுமை இல்லாததாக ஒன்று கிடைத்தது. ஆனால் நூறு கிராமில் இருபத்து நான்கு கிராம் கொழுப்பு. பக்கத்திலேயே கொழுப்பு குறைந்தது ஒன்று. அதில் கொழுப்புக்குப் பதிலாகக் கோதுமையைச் சேர்த்திருந்தார்கள். ஒன்றில் இருப்பது இன்னொன்றில் இல்லை. கோதுமை இல்லாத பன் என்று கேட்டபோது கடைக்காரர் கோதுமை பன் ஒன்றை எடுத்து நீட்டி, "மைதா துளிகூடக் கிடையாதுங்க" என்றார்.

போனில் தேடியதில் பெங்களூர்க் கம்பெனி ஒன்றிடம் இரண்டும் சேர்ந்தாற்போல் இருந்தது. கோதுமையும் இல்லை, கொழுப்பும் மூன்று கிராம்தான். யோகப்பிரியா கண்ணை மூடிச் சாமியை நினைத்துக்கொண்டு பின்கோடு போட்டாள். கேரளாவுக்கு இந்தப் பொருள் அனுப்புவதில்லை என்று வந்தது. கால் மணி நேரம் நடந்தால் தமிழ்நாடு. பொள்ளாச்சியில் இருக்கும் தம்பி கோகுல்நாத்தின் விலாசத்தைக் கொடுத்தாள். பெட்டி வந்து சேர்ந்தது. கோகுல்நாத் அதை வாங்கி, என்ன என்று தெரியாமல், காரின் பின்சீட்டில் இரண்டு நாள் வைத்திருந்தான். கொண்டுவந்து கொடுக்கும்போது கார்க் கண்ணாடிகள் நான்கும் திறந்திருந்தன.

"என்னத்தக்கா வாங்குனே? வண்டிக்குள்ள உக்கார முடியல."

பிறகு அவளே செய்து பார்த்தாள். அரிசி மாவில் பிடித்த பன் அடுப்பிலிருந்து எடுத்ததும் பொலபொலவென்று உதிர்ந்தது. சிவப்பிரகாஷ் அதில் வாழைப்பழத்தைப் பிசைந்து தின்றான்.

"புட்டு அருமையா இருக்குது யோகா" என்றான்.

சட்டியைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது.

பிறந்தநாளுக்கு நான்கு நாள் இருக்கையில் நிமி வந்து வாசலில் நின்றாள். தன்விகா வரைந்த படத்தில் இன்னொரு பிரதி அவள் கையில் இருந்தது. அதைப் பார்த்ததுமே யோகப்பிரியாவுக்கு விஷயம் புரிந்தது. எனக்கு ஒன்று, அவளுக்கு ஒன்றா என்று நினைத்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்கிடாதீங்க. எங்க லாட்ஜுக்கு வெள்ளக்கார அம்மா ஒருத்தவ வருஷா வருஷம் வருவாவ. அவியளுக்கும் இதே சொக்கேடுதான். செஃப் சேட்டன் அவியளுக்குன்னே தனியா இதச் செய்வாரு. நான் கூட நின்னு பழகியிருக்கேன். செஞ்சு தரட்டா?"

"சிரமமெதுக்கு உனக்கு?"

"என்ன சிரமம்? தோலில்லாத கோழி நெஞ்சுக்கறி, கப்பப் பொடி, அதான் மரவள்ளிக்கெழங்கு மாவு, நல்லமொளகு. வாழெலையில சுருட்டி ஆவியில வைக்கணும், எண்ணெயே வேண்டாம். பன்னுக்கு அரிசி மாவோட மருந்துக் கடையில விக்குத இசப்கோல் உமி சேக்கணும். அதுதான் மாவ இழுத்துப் பிடிச்சுக்கிடும்."

உள்ளே சிவப்பிரகாஷ் கேட்டுக்கொண்டிருந்தான். "அட, செய்யட்டுமே யோகா! மூணு வாரமா அலையறயே" என்று குரல் கொடுத்தான். அதற்கு மேல் மறுக்க வழியில்லை. மூன்று வாரம் அலைந்து தனக்குக் கிடைக்காதது, நாற்பது அடி தள்ளி இருந்த அடுப்படியில் சும்மா இருந்திருக்கிறது. அதை நினைக்க நினைக்க அவளுக்கு நெஞ்சுக்குள் என்னவோ கருகியது.

பிறந்தநாள் அன்று பகல் பதினொரு மணிக்கு நிமி ஒரு தட்டை மூடி எடுத்து வந்தாள். மாலில் வாங்கியது என்று சொன்னால் யாரும் நம்புவார்கள். பன் பொன்னிறமாக இருந்தது, உதிரவில்லை. மேலே தக்காளியில் அவளே செய்த சாறு கோடாக ஓடியது. தன்விகா தட்டையே பார்த்தாள். பிறகு அதைத் தொடாமல் நிமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அப்படியே முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றாள். வந்திருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள்.

தன்விகா இரண்டு தின்றாள். நிதானமாக, ஒவ்வொரு கடிக்கும் நடுவில் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று பார்த்துப் பார்த்துத் தின்றாள். யோகப்பிரியா சமையலறைக் கதவோரம் நின்றிருந்தாள். தான் செய்த பாயசமும் எலுமிச்சைச் சோறும் பரிமாறப்படாமல் மேடையில் இருந்தன. பிறந்தநாளும் அதுவுமாகத் தன் கையால் ஒரு வாய் பிள்ளையின் வயிற்றுக்குள் போகவில்லையே என்று தோன்றியது. உடனே மோரைக் கடைந்தாள். வெண்ணெயை எடுத்துவிட்டு, இஞ்சி தட்டிப் போட்டு, கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு, பெருங்காயத்தூளைத் தாராளமாகவே கலந்தாள். கறி தின்ற வயிறு, செரிக்க வேண்டாமா? பெரிய டம்ளர் நிறைய ஊற்றி எடுத்துப் போனாள்.

"போதும்மா, வவுறு நெறைஞ்சிருச்சு."

"அம்மாவுக்காகக் குடி கண்ணு. ஒரே மூச்சுல."

குடித்தாள். யோகப்பிரியா இன்னொரு டம்ளரும் ஊற்றினாள்.

மாலை ஐந்து மணிக்குள் பிள்ளை சுருண்டு படுத்துவிட்டாள். வாந்தி நிற்கவில்லை. வயிறு கல்லாக இருந்தது. பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் குளுகோஸ் ஏற்றினார்கள். மருதாத்தாள் ஆட்டோ பிடித்து வந்து சேர்ந்தாள்.

"கண்டவ கையில வாங்கித் தின்னா இப்படித்தான் ஆவும். நான் அப்பவே சொன்னேன்."

உண்மையில் அவள் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை. ஆனால் சொன்ன மாதிரியே எல்லாருக்கும் தோன்றியது. யோகப்பிரியா மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "அவ என்னமோ மாவு கலந்திருக்கறா" என்றாள். சொல்லும்போது அவள் பொய் சொல்லவில்லை. முழுதாக நம்பினாள். நம்பியபோது பயத்துக்கு நடுவிலும் ஒரு நிம்மதி வந்ததாம். அந்த நிம்மதியைப் பற்றிச் சொல்லும்போதுதான் அவள் வெகுநேரம் பேசாமல் இருந்தாள்.

மறுநாள் காலை நிமி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வராந்தாவிலேயே சிவப்பிரகாஷ் மறித்துக்கொண்டான்.

"நான் கோதும தொடல்லண்ணே. மாதா மேல ஆணை. எங்க வீட்டுல கோதுமையே கெடையாது."

"செரி போ. புள்ளை தூங்குது."

நிமி கதவுக் கண்ணாடி வழியே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்துக் கோயமுத்தூர் டாக்டரிடம் போனார்கள். அவர், உணவு ஆலோசகரைப் பார்க்காமல் போகாதீர்கள், சமையலுக்கு எடுத்த பொருள் அத்தனையையும் கொண்டுவந்து காட்டுங்கள் என்று முன்னமே சொல்லியிருந்தார். நிமியும் கேட்டதும் தன் டப்பாக்களையும் உமிப் பாக்கெட்டையும் ஒரு பையில் போட்டுக் கொடுத்துவிட்டிருந்தாள். அன்று சிவப்பிரகாஷ் மகளை அழைத்துக்கொண்டு ரத்தம் கொடுக்கும் இடத்துக்குப் போனான். யோகப்பிரியா மட்டும் இரண்டு பைகளோடு அந்தச் சின்ன அறையில் உட்கார்ந்தாள்.

உணவு ஆலோசகர் இளம்பெண். நிமியின் பையைத்தான் முதலில் பிரித்தாள். ஒவ்வொன்றாக முகர்ந்தாள், படித்தாள், ஓரமாக வைத்தாள்.

"இதுல ஒண்ணுமே இல்லையே. யாருங்க செஞ்சது? நல்லாத் தெரிஞ்சவங்க செஞ்சிருக்காங்க."

யோகப்பிரியா கைக்குட்டையை மடித்தாள்.

"அன்னைக்கு வேற என்ன குடுத்தீங்க?"

"மோரு மட்டுந்தானுங்க. நான்தான் குடுத்தேன்."

"மோர்ல என்ன போட்டீங்க?"

"உப்பு, இஞ்சி, கறிவேப்பிலை, பெருங்காயம்."

"பெருங்காயம் தூளா? டப்பா இருக்கா?"

இரண்டாவது பையில் மஞ்சள் டப்பா இருந்தது. அந்தப் பெண் அதைத் திருப்பி, நகத்தால் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். பொடி எழுத்தில், பெருங்காயப் பிசினுக்கு முன்னாலேயே, கோதுமை மாவு என்று போட்டிருந்தது.

"கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயத்துல பெரும்பாலும் பாதிக்கு மேல கோதுமை மாவுதாங்க. தினமும் போடுவீங்களா?"

தினமும் போடுவாள். ரசத்தில், சாம்பாரில், பருப்பில், மோரில். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதே டப்பாவைத்தான் வாங்குகிறாள். புதிதாக வாங்கியதையெல்லாம் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தவள், இதைப் படிக்கவில்லை. அஞ்சறைப் பெட்டியில் இருக்கும் மஞ்சளையும் கடுகையும் யாராவது படிப்பார்களா? பிள்ளையின் வயிறு சரியில்லை என்றால் இன்னும் ஒரு சிட்டிகை கூடத்தான் போட்டிருக்கிறாள். இரண்டு வருஷமாக.

"இனி இது வேண்டாம். கொஞ்ச நாளைக்கு வெளியேயும் எதுவும் குடுக்காதீங்க" என்றாள் அந்தப் பெண்.

கார் பொள்ளாச்சியைத் தாண்டியது. தன்விகா பின்சீட்டில் தூங்கினாள். சிவப்பிரகாஷ் இரண்டு முறை கேட்டுவிட்டான்.

"என்னதான் சொன்னாங்க?"

"வெளிய எதுவும் குடுக்க வேண்டாம்னாங்க."

அது பொய்யில்லை. அந்தப் பெண் அப்படித்தான் சொன்னாள்.

"அப்ப அந்தப் புள்ளை குடுத்ததுதான்" என்றான் அவன்.

ஆமாம் என்று அவள் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. சோதனைச் சாவடி வந்தது, போனது.

வீட்டுக்கு வந்ததும் டப்பாவைக் குப்பைக் குழியில் போட்டு மேலே காய்ந்த தென்னஞ்சோகையை இழுத்து மூடினாள். மூன்றாம் நாள் சிவப்பிரகாஷ், "ரசத்துல என்னமோ கொறையுதே" என்றான். "பூண்டு எச்சாப் போட்டிருக்கறேன், பேசாமச் சாப்புடுங்க" என்றாள். ஒரு மாதத்தில் தன்விகாவின் வலி நின்றது. எடை இரண்டு கிலோ ஏறியது. சின்ன வீட்டுச் சாப்பாட்டை நிறுத்தியதும் பிள்ளை தேறிவிட்டாள் என்று உறவெல்லாம் சொன்னது. மருதாத்தாள் ஊர் ஊராகச் சொன்னாள்.

ஒருநாள் தலை வாரும்போது தன்விகா கேட்டாள்.

"நிமி அக்கா எனக்கு வேணும்னே கெட்டது குடுத்தாங்களாம்மா? மருதாத்தா அப்பத்தா சொன்னாங்க."

"வேணும்னு இல்ல கண்ணு. அவங்களுக்குத் தெரியாம நடந்துருச்சு."

தெரியாமல் நடந்தது என்பது உண்மை. யாருக்குத் தெரியாமல் என்பதைத்தான் மாற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பின்னலை இறுக்கினாள். பிள்ளை வலிக்கிறது என்றாள்.

கார்த்திகை முடிவில் வினோ வீட்டைக் காலி செய்வதாகச் சொன்னான். ஆலையில் கூட இந்தப் பேச்சு போயிருந்தது. யாரும் அவனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. சிரித்துக்கொண்டே டப்பாவை நகர்த்திக்கொள்கிறார்கள். சாமான் ஏற்றிய பிறகு நிமி சாவி கொடுக்க வந்தாள். சாவியோடு ஒரு நோட்டுத்தாளும் இருந்தது. பன்னுக்கு எவ்வளவு உமி, எவ்வளவு தண்ணீர், ஆவியில் எத்தனை நிமிஷம் என்று வரிசையாக எழுதியிருந்தாள்.

"அடுத்த வருஷமும் பிள்ள கேக்கும்லா. உங்க கையாலயே செஞ்சு குடுங்கக்கா."

யோகப்பிரியா வாங்கிக்கொண்டாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டா? நான் எதுல தப்பு விட்டேன்னு டாக்டர் சொன்னாவளா? நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடல. தெரிஞ்சா அடுத்தால யாருக்காச்சும் செய்யும்போது பாத்துக்கிடுவேன்."

நிமியின் முகத்தில் கோபம் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். யோகப்பிரியா வாயைத் திறந்தாள். சொல்லிவிடுவது என்றுதான் திறந்தாள். அப்போது உள்ளேயிருந்து தன்விகா வந்தாள். நிமியின் அருகே போகக் கூடாது என்று சொல்லியிருந்ததால் நடையிலேயே நின்றாள். நின்று, கதவைப் பிடித்துக்கொண்டு, நிமியையே பார்த்தாள். பிறந்தநாள் அன்று தட்டைப் பார்த்தாளே, அதைவிட ஆசையாகப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்தப் பிள்ளை ஓடிப்போய் அந்த இடுப்பைக் கட்டிக்கொள்ளும். நாளைக்கும் கட்டிக்கொள்ளும். இரண்டு வருஷம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தது எதனால் என்றும் கேட்கும்.

"தெரியல நிமி. அவங்க ஒண்ணும் சொல்லல."

"சாரமில்லக்கா, போட்டு" என்றாள் நிமி, பரவாயில்லை என்பதுபோல. தன்விகாவைப் பார்த்துக் கை அசைத்துவிட்டு வண்டிக்குப் போனாள். தன்விகா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையை உயர்த்தினாள். அதற்குள் வண்டி கேட்டைத் தாண்டியிருந்தது.

இது நடந்து நான்கு வருஷம் ஆகிறது. வினோ குமுளியில் ஏலக்காய் உலர்த்தும் இடம் ஒன்றில் மெக்கானிக்காக இருக்கிறான். நிமி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மதியச் சாப்பாடு மட்டும் போடுகிறாள். ஒரு மகன் இருக்கிறான். பழைய விடுதியில் கோதுமை ஆகாதவர்களுக்குச் சமைக்க அழைத்தார்கள், தன்னால் ஒரு பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்தது என்று சொல்லி மறுத்துவிட்டாள். மருதாத்தாள் போன வருஷம் காலமானாள். சிவப்பிரகாஷ் தோப்பில் ஜாதிக்காய் ஊடுபயிர் போட்டிருக்கிறான், சின்ன வீட்டில் உரமூட்டை அடுக்கியிருக்கிறான். தன்விகா நன்றாக வளர்ந்துவிட்டாள், பள்ளியில் கோ-கோ ஆடுகிறாள். பிறந்தநாளுக்கு ஹாட் டாக் கேட்பதில்லை. யோகப்பிரியா கேட்காமலே செய்து கொடுக்கிறாள், அவள் ஒன்று தின்கிறாள். நிமியின் எண் யோகப்பிரியாவின் போனில் இருக்கிறது. இதுவரை அழைக்கவில்லை.